அயோவாக்காரரின் மாட்டுக்கொட்டில்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி நல்ல பிள்ளை. தேத்தண்ணி குடித்தார், வடை இரண்டு சாப்பிட்டார். "அன்ரி, நீங்கள் இஞ்ச வந்து பட்ட கஷ்டங்கள், பிறகு முன்னேறின விதம், இதுகளை எழுதித் தாங்கோ" என்றார். சரி என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர் குரலைத் தாழ்த்தினார். "சாணி, மூத்திரம், அதுகளைக் கொஞ்சம் குறைச்சு எழுதினால் நல்லம். மலரில சாமிப் படமும் வருது."

நான் இந்த ஊரில் மாடு கறந்து ஓய்வு பெற்றவள். சாணியை விட்டுவிட்டு என் வேலையைப் பற்றி எழுதுவதென்றால் மீனவன் தண்ணீரை விட்டுவிட்டு எழுதுவதைப் போல இருக்கும். ஆகவே மலருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் கணவர் ஞானமும் மகளும் நியூசிலாந்தில் பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு பாதி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஞானம் கொழும்பில் கட்டட வரைபடம் வரைந்தவர். இங்கே விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் கந்தோர் ஒன்றில் தட்டச்சு செய்தவள். இங்கே ஒருவருக்கும் என் தட்டச்சு தேவைப்படவில்லை. ஒருநாள் சலவைக்கடைக் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: டெய்ரி ஒன்றில் வேலைக்கு ஆள் தேவை.

இந்த நாட்டில் டெய்ரி என்றால் பாணும் பத்திரிகையும் இனிப்பும் விற்கிற மூலைக்கடை. கடை வேலைதானே, காசு வாங்கிப் போட எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். பட்டுக் கரை வைத்த சேலை உடுத்தி, கைப்பை மாட்டி, ஞானத்தின் காரில் போய் இறங்கினால், விமான நிலையத்துக்குப் பின்னால் பச்சைப் புல்வெளி. வேலிக்கு அந்தப் பக்கம் எண்பது மாடுகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. கடையைக் காணவில்லை.

துண்டை எழுதியவர் அமெரிக்கர். அவர்கள் ஊரில் டெய்ரி என்றால் மாட்டுப்பண்ணையாம். இங்கே மூலைக்கடைக்கும் அதே பெயர் என்பது எழுதும்போது அவருக்கு நினைவு வரவில்லை. ஆறடி உயரம், சுருங்கிய கழுத்து, வெயிலில் வெந்த மூக்கு. பெயர் கிளென். அயோவா என்ற மாநிலத்தில் சோளமும் பன்றியும் மாடும் வளர்த்த குடும்பம். வாலிபத்தில் கொரியாப் போருக்குப் போனவர். காயப்பட்டு ஜப்பானில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜூன் என்ற நியூசிலாந்து நேர்ஸைக் கண்டு கல்யாணம் செய்து அயோவாவுக்குக் கூட்டிப் போனார். அங்கே வங்கி அவருடைய பண்ணையை விழுங்கியதும், ஜூன் அவரைத் தன் ஊருக்குக் கூட்டி வந்தார். இங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாடு வளர்த்தார்கள். நான் போவதற்கு முந்தின வருடம் ஜூன் இறந்துவிட்டார். இவ்வளவும் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்.

"கையைக் காட்டும்."

கைரேகை பார்க்கிற வெள்ளைக்காரன் என்று நினைத்து வலது கையை நீட்டினேன். ரேகையைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைத் தன் விரல்களால் சுற்றி அளந்தார். அவர் கையில் இரண்டு விரல் இல்லை.

"நல்ல சின்னக் கை. மாட்டு வயித்துக்குள்ள கண்டுக்குட்டி பிரண்டு கிடந்தால் உள்ளுக்கு விடலாம். நாளைக்கு வாரும். இந்தத் துணியோட வராதேயும்."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிளென் பேசியது அயோவா ஆங்கிலம். என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன். கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன். அதனால்தான் அவர் இங்கே குறைவாகப் பேசுகிறவர் போலத் தெரிகிறார்.

நான் இந்து என்பதால் எனக்கு மாட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். எங்கள் வீட்டில் மாடு நின்றது உண்மை. கறந்தது வேறு ஆள். நான் செய்ததெல்லாம் பொங்கலன்று அதற்குப் பொட்டு வைத்துவிட்டு ஓடியதுதான். முதல் மாதத்தில் இரண்டு தடவை உதை வாங்கினேன், ஒரு தடவை வேலிக்கு மேலால் விழுந்தேன், பல தடவை அழுதேன். பயிற்சி அவ்வளவுதான்.

கறக்கும் கொட்டிலின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம். ஆள் பள்ளத்துக்குள் நிற்பார். இருபுறமும் மேடையில் மாடுகள் சாய்வாக அடுக்கி நிற்கும், பின்பக்கம் எங்கள் பக்கமாக. எங்கள் தலையும் அவற்றின் மடியும் ஒரே உயரம். எந்த மாட்டையும் முகத்தைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் அடையாளம் தெரியாது. மடியைக் காட்டுங்கள், சொல்லுகிறேன்.

கிளென் அந்தப் பள்ளத்தைப் படை முகாம் மாதிரி நடத்தினார். கழுவு, துடை, பீய்ச்சிப் பார், கறவை யந்திரத்தை மாட்டு, கழற்று, காம்பை மருந்தில் தோய். இந்த ஆறையும் ஒவ்வொரு மாட்டுக்கும் அதே வரிசையில் செய்ய வேண்டும். முதல் பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். திரி திரியாகக் கட்டி வந்தால் மடிவீக்கம். மருந்து ஏற்றிய மாட்டின் காலில் சிவப்பு மை பூச வேண்டும். அந்தப் பால் வாளிக்குப் போகும், எல்லாப் பாலும் சேருகிற பெரிய தாங்கிக்குப் போகக்கூடாது. மருந்துப் பால் ஒரு செம்பளவு தாங்கியில் விழுந்தாலும் பால் வாங்கும் கொம்பனியின் முழு லொறிப் பாலையும் கொட்ட வேண்டும். சிவப்பு மை பூசிய மாடு வந்தால் நான் உரத்துச் "சிவப்பு!" என்று கத்த வேண்டும், அவர் மறுமுனையிலிருந்து "சிவப்பு!" என்று திருப்பிக் கத்துவார். இருவருக்கும் நடுவில் ஆறடி தூரம். கேட்காமல் போக வழியே இல்லை. ஆனாலும் கத்தத்தான் வேண்டும். என் தலைக்கு மேலே மாடு எதைச் செய்தாலும் வரிசை குழம்பக்கூடாது. மாடு எல்லாவற்றையும் செய்தது.

என்னைப் 'பிரைவேட்' என்றுதான் கூப்பிடுவார். அடிமட்டச் சிப்பாய் என்று அர்த்தம். ஒருநாள் புதிதாக வாங்கி வந்த மாட்டின் காலில் மை அழிந்திருந்ததை நான் கண்டுபிடித்துக் கத்தியதும் அந்த இடத்திலேயே கோப்ரலாகப் பதவி உயர்வு தந்தார். வீட்டில் சொன்னேன். ஞானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் வண்டி தள்ளுறன், என்ர மனிசி கோப்ரல்" என்றார். அவருக்கு என் வேலை வெட்கம். தெரிந்தவர்கள் கேட்டால், "அவ பால் உற்பத்தித் துறையில இருக்கிறா" என்பார்.

நம் ஆட்களுக்கு விஷயம் கசிந்ததும் புதிய வாடிக்கை ஒன்று தொடங்கியது. புதுவீடு புகுகிறவர்களுக்குக் கோமியம் வேண்டும். முதலில் வந்தவர் சென்னையிலிருந்து வந்த கணக்காய்வாளர் ஒருவர். வெள்ளை வேட்டி, கையில் ஒரு வாய் குறுகிய குளிர்பானப் போத்தல்.

"மேடம், ஒரு பாட்டில் போதுங்க. ஐயர் சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டார்."

கிளெனுக்கு விளக்கினேன். தொப்பியைக் கழற்றி யோசித்தார்.

"என்ன செய்யப்போறார் அதை?"

"வீடு முழுக்கத் தெளிப்பினம். கொஞ்சம் குடிக்கவும் குடிப்பினம்."

"நாப்பது வருசமா நான் அதுக்குள்ள நடந்து திரியிறன். எனக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும்?"

பிறகு முழு அக்கறையோடு அந்த மனிதருக்குப் பயிற்சி கொடுத்தார். போத்தலைப் பிடுங்கி வைத்துவிட்டு வாளி கொடுத்தார். எங்கே நிற்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும், வால் உயர்ந்ததும் எப்படிப் பாய வேண்டும், எல்லாம் செய்து காட்டினார். கணக்காய்வாளர் வேட்டியை மடித்துக் கட்டி வெகுநேரம் காத்து நின்றார். வால் உயர்ந்தது. பாய்ந்தார். மாடு மற்றதைப் போட்டது.

"அதுவும் சுத்தம்தானுங்க" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. கிளெனுக்கு அவரை அந்த நிமிடத்திலிருந்து பிடித்துப் போனது. அவர் வீட்டுக் குடிபுகுதலுக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய், கீழே உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டுவிட்டு வந்தார். எழுப்ப நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு விடியற்காலையில் இங்கே பழைய படைவீரர்கள் பதக்கம் குத்தி அணிவகுத்துப் போவார்கள். அவர்களுடைய சங்கத்திலிருந்து ஒருவர் வருடந்தோறும் வந்து கிளெனைக் கூப்பிடுவார். "மாடுகளிட்டக் கேட்டுப் பாரும்" என்று அனுப்பிவிடுவார் இவர். ஒரு வருடம், அந்த மனிதர் போனபிறகு, பள்ளத்தில் வைத்துக் கேட்டேன்.

"நான் தனியக் கறப்பன். ஏன் நீங்கள் போகக்கூடாது?"

அதுவரை அவருடைய விரல்களைப் பற்றி நான்கு கதைகள் கேட்டிருந்தேன். சோளம் உரிக்கிற யந்திரம் தின்றது என்பது ஒன்று. சீட்டாட்டத்தில் தோற்றேன் என்பது இன்னொன்று. அன்றைக்குக் கேட்காமலே சொன்னார்.

"நான் கொரியாவில லொறி ஓட்டினனான். துவக்கால ஒருத்தரையும் சுடேல்லை. மலைப்பாதையில பனிக்குள்ள பின்வாங்கேக்க, காயப்பட்டவங்களைக் கீழயும் செத்தவங்களை மேலயும் ஏத்தினம். மேல கிடந்தவங்கள் காத்தை மறைச்சாங்கள். பனியில வழுக்காமல் லொறிச் சில்லில பூட்டுற சங்கிலி கழண்டு போச்சு. கையுறையோட அதைப் பூட்டேலாது. கழட்டிப்போட்டுப் பூட்டினன், ரெண்டு விரல் குளிரில விறைச்சுச் செத்துப்போச்சு. கீழ கிடந்தவங்களில பாதிப்பேர் உயிரோட வந்து சேர்ந்தாங்கள். அவ்வளவுதான். இதுக்கு அவங்கள் பாண்ட் வாசிக்கிறாங்கள்."

நான் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முறை என்று தோன்றியது.

"எங்கட வீட்டு வாசலுக்கு ஆயுதம் தூக்கின ஆக்கள் மூண்டு விதமா வந்திருக்கினம். அரசாங்கத்தின்ர ஆக்கள், இந்தியாக்காரர், எங்கட பெடியள். மூண்டு பேரும் தண்ணி கேட்டவை. மூண்டு பேருக்கும் குடுத்தனான். ஒருத்தரும் செம்பைத் திருப்பித் தரேல்லை. துவக்கு வச்சிருக்கிறவனிட்டச் செம்பைக் கேக்கேலாது. இங்க வந்துதான் ஒரு ஆமிக்காரனை எதிர்த்துப் பேசுறன்."

"நல்லாத்தான் பேசுறீர்" என்றார். பிறகு, "சிவப்பு!" என்று கத்தினார். பார்த்தேன். மை பூசிய மாடு ஒன்றும் அங்கே இல்லை.

இனி அந்த ஆவணி மாதக் காலையைச் சொல்ல வேண்டும். இங்கே அது கடுங்குளிரும் மழையும், மாடுகள் கன்று போடும் காலம். காலைக் கறவை முடிந்து வெளியே வந்தால், மந்தையிலேயே நல்ல கறவை மாடு வேலியோரத்தில் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கால் வரவில்லை, தலை வரவில்லை. கிளென் மிருகவைத்தியருக்குத் தொலைபேசினார். அவர் வேறொரு பண்ணையில் நின்றார். "கோப்ரல், கையைக் கழுவும்" என்றார்.

சவர்க்கார நீரில் தோள்வரை கழுவி, சேற்றில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டேன். வால் பட்டது. கன்று பின்புறமாக உட்கார்ந்திருந்தது. பின்கால்கள் இரண்டும் வயிற்றுக்குக் கீழே நீண்டு கிடந்தன. சொன்னேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கிளென் வேலிக் கட்டையில் சாய்ந்து சரிந்துகொண்டிருந்தார். முகம் சாம்பல் நிறம். ஒரு கை நெஞ்சில்.

"மாட்டைப் பாரும்" என்றார்.

"விசரே உங்களுக்கு!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, கொட்டிலுக்கு ஓடித் தொலைபேசியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். திரும்பி வந்து என் மேலங்கியை அவருக்குத் தலைக்கு வைத்தேன். தேம்பத் தொடங்கினேன்.

"அழுதுகொண்டே செய்யலாம்" என்றார் மெதுவாக. "அவங்கள் வாறவரைக்கும் எனக்கு நீர் செய்ய ஒண்டுமில்லை. மாட்டுக்கு இருக்கு."

அதில் பொய் இல்லை. நான் மறுபடி சேற்றில் படுத்தேன். அவர் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். "கண்டை உள்ளுக்குத் தள்ளும். இன்னும். இப்ப ஒரு காலைத் தேடும். குளம்பை உள்ளங்கையால மூடும். மூடாட்டி உள்ளுக்குக் கிழிச்சுப்போடும்." மாடு முக்கும்போதெல்லாம் என் கை எலும்பு நொறுங்குவது போலிருந்தது. அந்தப் பக்கம் குரல் நின்றபோது கத்தினேன்.

"கிளென்! கதையுங்கோ!"

"மூச்சு விட... விடுமன் மனிசி."

ஒரு குளம்பு வெளியே வந்தது. மற்றதைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்புலன்ஸ் புல்வெளிக்குள் வழுக்கி வந்து நின்றது. ஒரு இளம்பெண், ஒரு பெரிய உடம்பு சமோவாத் தீவுக்காரர். பெண் கிளெனின் சட்டையைத் திறந்து கம்பிகளை ஒட்டினாள். "சேர், இது மாரடைப்பு. உடனே போக வேண்டும்" என்றாள்.

"தெரியும். உன்ர ஆளிட்டச் சொல்லு, அந்தக் கயித்தைப் பிடிக்கச் சொல்லி."

இரண்டாவது குளம்பும் வந்துவிட்டது. பின்புறமாக வரும் கன்றைத் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். தொப்புள்கொடி நசுங்கினால் உள்ளேயே மூச்செடுக்கப் பார்த்து மூழ்கிவிடும். நான் குளம்புகளில் கயிற்றைக் கட்டினேன். சமோவாக்காரர் என்னைப் பார்த்தார், தன் கூட்டாளியைப் பார்த்தார். அவள் மருந்து ஏற்றிக்கொண்டே, "கெதியா இழு!" என்றாள். இழுத்தார். நல்ல காலம், ரக்பி விளையாடிய உடம்பு. கன்று நீரும் இரத்தமுமாக அவர் மடியில் வந்து விழுந்தது. அசையவில்லை. நான் ஒரு வைக்கோலை அதன் மூக்குக்குள் விட்டுக் குடைந்தேன். தும்மியது.

கிளென் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகுதான் தூக்க விட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பிற்பகல் கறவைக்கு ஆள் இல்லை. விமான நிலைய வேலை முடிந்து ஞானம் நேராக வந்தார், தலைமயிர் வலையோடு. கிளெனின் நீண்ட ரப்பர்க் கம்பூட்ஸை மாட்டினார். இரண்டு அளவு பெரிது. முதல் நாளே கழுத்துக்குள் சாணி விழுந்தது. நிமிர்ந்து பார்த்து, "அடுத்தது என்ன? துடைக்கிறதோ, பீய்ச்சிறதோ?" என்று கேட்டார். அந்த மனிதரை நான் கல்யாணம் செய்ததற்கு முதன்முதலாக அன்றைக்குத்தான் முழு மனதோடு மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் கிளெனைப் பார்க்கப் போனோம். உடம்பெல்லாம் குழாய்.

"நாம்பனோ, பசுக்கண்டோ?"

"நாம்பன்."

பால் பண்ணையில் நாம்பன் கன்றுக்கு ஒரு மதிப்பும் இல்லை; நாலு நாளில் இறைச்சி லொறி ஏற்றிக்கொண்டு போகும். அவர் கூரையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கட்டில் கிழவர் திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு, "லொறியில ஏத்தாதேயும்" என்றார். நான் எப்படியும் ஏற்றியிருக்க மாட்டேன். அந்த நாம்பன் தின்று கொழுத்து, சாகும்வரை ஒரு வேலையும் செய்யாமல், கணக்காய்வாளருக்குக் கோமியம் மட்டும் கொடுத்து வாழ்ந்தது.

கிளென் தேறினார், ஆனால் மாடு கட்ட உடம்பு விடவில்லை. நிலத்துக்காரரும் பண்டகசாலை கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். மந்தை ஏலத்துக்கு வந்தது. அன்று காலை அவர் கொட்டில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அயோவாவில மந்தையை விக்கேக்க நான் வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு இருந்திட்டன். ஜூன்தான் வெளியில நிண்டவ. ஒவ்வொரு மாடும் ஆரிட்டப் போகுதெண்டு அவதான் வந்து சொன்னவ. வாங்கினவங்கள் எல்லாம் அயல்வீட்டு ஆக்கள்."

"இண்டைக்கும் உள்ளுக்கு இருக்கப்போறியளோ? நான் வந்து சொல்லமாட்டன்."

எழுந்தார். நான்கு மணிநேரம் மழைத்தூறலில் நின்றார். ஒவ்வொரு மாடு வளையத்துக்குள் வரும்போதும் ஏலக்காரரை இடைமறித்து அதன் குணத்தைச் சொன்னார். "இவள் இடப்பக்கம் உதைப்பாள். இவளுக்கு இடி பயம். இவளுக்குப் பாட்டுப் போட்டால் பால் கூடும்." விலை குறைந்திருக்கலாம். மந்தையில் பாதியைத் தெற்கே புக்கெகோஹேப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வாங்கினார். "இதுகளின்ர விசர்க்குணம் எல்லாம் எனக்கு ஆர் சொல்லித் தாறது?" என்றார் அவர். கிளென் என்னைக் காட்டினார். அப்படியாக நாம்பனையும் கூட்டிக்கொண்டு நானும் மாடுகளோடு போனேன். ஓய்வுபெறும்வரை அங்கேதான்.

கிளென் ஒனிஹங்காவில் ஓய்வுபெற்றவர்களுக்கான ஒரு சின்ன வீட்டில் இருந்தார். ஞாயிறுகளில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு போவோம். அவரும் ஞானமும் சேர்ந்து எல்லாரையும் திட்டுவார்கள். தொண்ணூறுகள் முடியுமுன், ஒரு பிற்பகல் கதிரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பிள்ளைகள் இல்லை. படைவீரர் சங்கம் செத்தவீட்டைப் பொறுப்பெடுத்தது. வெள்ளி மூன்று மணிக்கு என்று அறிவித்தார்கள். நான் தொலைபேசியில் அழைத்தேன்.

"மூன்று மணி சரிவராது. அது கறக்கிற நேரம்."

"மன்னிக்க வேண்டும், நீங்கள் யார்?"

"அவரோட மாடு கறந்தனான். அவர் அந்த நேரத்துக்கு ஒருநாளும் ஒரு இடத்துக்கும் போனதில்லை. உங்கட அணிவகுப்புக்கே வரேல்லை."

மறுமுனையில் யாரிடமோ சொல்லிக் கேட்டார். பிறகு ஒரு சிரிப்பு. பதினொரு மணிக்கு மாற்றினார்கள்.

ஞானம் கலண்டரைப் பார்த்தார். "வெள்ளி பதினொரு மணி ராகுகாலமெல்லோ?"

"மாடுகளுக்கு அது தெரியாது."

அவர் கழுத்துப்பட்டியைத் தேடப் போனார்.

அங்கே ஒரு பெரியவர், கிளென் பனிமலையில் எதிரியோடு கைகலந்து விரல் இழந்த வீரர் என்று பேசினார். என்னையும் இரண்டு வார்த்தை சொல்லக் கேட்டார்கள். எழுந்து, அவர் சண்டை பிடிக்கவில்லை, லொறி ஓட்டினார், சங்கிலி பூட்டக் கையுறையைக் கழற்றினார் என்றேன். கெட்ட வார்த்தை நிறையப் பேசுவார் என்றேன். அதற்குமேல் என் ஆங்கிலம் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பழைய வீரர் ஒருவர் எங்கோ பின்னாலிருந்து, "பனியில் நின்ற நாங்கள் எல்லாரும் சங்கிலி பூட்டுகிறவன் எப்போது வருவான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றார். 

மண் போட்டோம். அவர்கள் பியர் குடிக்கக் கூப்பிட்டார்கள். நான் காரின் பின்பக்கம் நின்று சேலைக்கு மேலேயே கம்பூட்ஸை மாட்டினேன். ஞானம் வண்டியைத் தெற்கே விரட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடுகள் பண்ணைக் கேற்றடியில் வரிசையாக நின்றன, கத்திக்கொண்டு.